வால் ஆட்டாத வல்லூறு

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இதில் ஒரு வல்லூறு வருகிறது, ஓர் அக்காக்குயிலும் வருகிறது. இரண்டுக்கும் ஒரே சாம்பல் முதுகு, ஒரே வரிபோட்ட வால். பறக்கும் சாயலும் ஒன்றுதான். ஓரிடத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றதைச் சொல்லிவிட்டால் கதை முழுக்கக் கெட்டுப்போகும். வல்லூறு குருவிகளைப் பிடித்துத் தின்னும். அக்காக்குயில் பூச்சி தின்னும். அடுத்தவர் கூட்டில் முட்டையிடும், மற்றபடி யாரையும் கொல்லாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நானும் வைத்துக்கொள்கிறேன்.

ஏரிக்கரைக் காட்டில் ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் இருந்தது. மண் நிறமும் கலைந்த தலையுமாக, சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவதுபோல் கேட்கும் குருவிகள். அவை புங்கமரத்தடியில் இறங்கி, சருகைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். தலை குனிந்து தின்னும்போது வானத்தில் என்ன வருகிறது என்று தெரியாது அல்லவா? அதனால் ஒரு குருவி மட்டும் தின்னாமல், பட்டுப்போன வாகைமரத்தின் உச்சிக்கிளையில் உட்கார்ந்து காவல் பார்க்கும். வல்லூறு வந்தால் அது கத்தும். கத்தல் கேட்டதும் எல்லாக் குருவிகளும் முள்புதருக்குள் பாய்ந்துவிடும்.

காவலுக்குப் பிறவியிலேயே கூர்மையான பார்வை வேண்டும் என்று சொல்லி, இரட்டைவால் கரிச்சான்குருவி ஒன்று உச்சிக்கிளைப் பள்ளி நடத்தி வந்தது. மழைக்காலம் முடிந்ததும் இளம் குஞ்சுகளுக்குப் பரீட்சை. தேறிய குஞ்சு பள்ளியில் சேரும். சேர்ந்த மறுநாளிலிருந்தே முறை வைத்துக் காவலுக்கு ஏறும்.

இதில் இன்னொன்றும் இருந்தது. தவிட்டுக்குருவிகள் உறங்கும்போது ஒரே கிளையில் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக உட்காரும். நடுவில் இருப்பவர்களுக்குக் கதகதப்பு. ஓரத்தில் இருப்பவர்களுக்குக் காற்று, பனி, ஆந்தை. காவல் பிள்ளையைப் பெற்ற தாய்க்கு நடு இடம் என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம்.

சருகி என்ற தாய்க்குருவியின் இடம் ஓரம். அதன் மூத்த குஞ்சை ஆந்தை அந்த ஓரத்திலிருந்துதான் தூக்கிக்கொண்டு போனது. இப்போது மிச்சமிருந்தது பொட்டு என்ற ஒரே பையன். பரீட்சை நெருங்க நெருங்க சருகிக்கு வேறு நினைப்பே இல்லை.

பக்கத்துக் கூட்டுத் தவிடிக்கும் முள்ளி என்று அதே வயதில் ஒரு பெண் இருந்தது.

"முள்ளிக்கு என்ன சொல்லிக்கொடுக்குற?" என்று சருகி விசாரித்தது.

"நான் என்னத்தச் சொல்லிக்கொடுக்க? கண்ணு இருக்கு, பார்க்கட்டும்," என்றது தவிடி.

"அப்படியே விட்டுட்டா எப்படிடி? மண்ணி தன் பையனுக்கு மழை பூராவும் சொல்லிக்கொடுத்தாளாமே."

"அதனாலதான் அவ நடுவுல உட்கார்ந்திருக்கா. போய் அவளையே கேளு. என்னைச் சாப்பிட விடு."

மண்ணியைப் பற்றிச் சருகிக்கு ஏற்கெனவே ஒரு கேள்வி உண்டு. மண்ணியின் பையன் போன வருஷம் தேறியவன். அவன் காவல் பார்க்கும் நாளில் மட்டும் மண்ணி சரியாகத் தின்னாது. தலையைத் தூக்கி வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளையைப் பார்த்துப் பூரிக்கிறது போலிருக்கிறது என்று சருகி நினைத்துக்கொள்ளும். தனக்கும் அப்படி ஒரு நாள் வர வேண்டும் என்று ஆசைப்படும்.

"மண்ணியக்கா, எப்படிச் சேர்த்தீங்க? சொல்லுங்களேன்."

மண்ணி இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு மெல்லச் சொன்னது: "அத்திமரத்துக்குப் போ. அக்காக்குயிலைப் பாரு. நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லாத."

அத்திமரத்தில் அக்காக்குயில் கம்பளிப்பூச்சி ஒன்றைக் கிளையில் தேய்த்துத் தேய்த்து மயிரை உதிர்த்துக்கொண்டிருந்தது. சருகி வந்த விஷயத்தைச் சொன்னது.

"பரீட்சையில வல்லூறா பறந்து வர்றது யாருன்னு நினைச்ச?" என்று கேட்டது அக்காக்குயில்.

"வல்லூறுதான்."

"நிஜ வல்லூறு வந்தா அப்புறம் பரீட்சைக்கு யாரு மிச்சமிருப்பா? நான்தான் வல்லூறு. எனக்குப் பிறவி முகவெட்டு அப்படி. கரிச்சான் வாத்தியார் வருஷா வருஷம் என்னைத்தான் கூப்பிடுறார்."

சருகி கிளையில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தது. பரீட்சையில் வரும் ஆளே எதிரில் உட்கார்ந்திருக்கிறதே.

"அப்போ என் பையனுக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கக்கா."

"கொடுக்கலாம். வரும்போதெல்லாம் கம்பளிப்பூச்சி கொண்டு வா. நல்ல மயிர் உள்ளதா இருக்கணும்."

மறுநாளிலிருந்து பாடம் தொடங்கியது. பாடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.

"கேட்டுக்கோ தம்பி," என்றது அக்காக்குயில். "முதல்ல ஒரு புறா பறக்கும். சும்மா இருக்கணும். அப்புறம் காத்துல ஒரு பனையோலை வரும். சும்மா இருக்கணும். அப்புறம் நான் வருவேன். கொஞ்சம் இறக்கை அடிப்பேன், கொஞ்சம் மிதப்பேன், அசல் வல்லூறு மாதிரி. கிளையில உட்கார்ந்ததும் வாலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவேன். அது என் பழக்கம், விட முடியல. வால் ஆடினதும் நீ கத்தணும்."

பொட்டு தலையைச் சாய்த்துக் கேட்டது: "புறா பறக்கும்போது ஏன் இறக்கை படபடன்னு சத்தம் போடுது?"

"அது பரீட்சையில வராது," என்றது அக்காக்குயில்.

"வால் ஆட்டாம இருந்தா?"

"அதெல்லாம் பரீட்சையில வராதுடா," என்றது சருகி. "வால் ஆடினா கத்து. எங்க, சொல்லு."

"வால் ஆடினா கத்தணும்."

"இன்னொரு தடவை."

பொட்டு முன்பெல்லாம் எதைப் பார்த்தாலும் கேட்கும். எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது, நிழல் ஏன் சாயங்காலம் நீளுகிறது, ஏரியில் இன்னொரு வானம் ஏன் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுச் சருகியின் பிராணனை வாங்கும். பாடம் தொடங்கிய பிறகு அந்தத் தொல்லை குறைந்தது. பையன் பொறுப்பாகிவிட்டான் என்று சருகி சந்தோஷப்பட்டது.

பரீட்சை நாள் வந்தது. தாய்க்குருவிகள் எல்லாம் புதரோரம் கூடி நின்று, ஒன்றை ஒன்று பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டன.

தவிடியின் மகள் முள்ளி முதலில் ஏறியது. புறா பறந்தது. முள்ளி சும்மா இருந்தது. பனையோலை வந்தது. அதற்கும் சும்மா இருந்தது. அக்காக்குயில் வந்து உட்கார்ந்து வாலை ஆட்டியது. அப்போதும் முள்ளி கத்தவில்லை.

"ஏன் கத்தல?" என்று கேட்டது கரிச்சான்.

"எதுக்குக் கத்தணும்? அது அக்காக்குயில்தானே? காலையில அத்திமரத்துல கம்பளிப்பூச்சி தின்னுட்டிருந்துச்சு."

கரிச்சானுக்கு முகம் சுண்டியது. "பரீட்சையில அது வல்லூறு. நீ கத்தியிருக்கணும். இறங்கு, அடுத்த பிள்ளை வரட்டும்."

அடுத்தது பொட்டு. புறாவுக்குச் சும்மா இருந்தது. ஓலைக்குச் சும்மா இருந்தது. அக்காக்குயிலின் வால் இந்தப் பக்கம் ஆடி அந்தப் பக்கம் திரும்புவதற்குள் காடே அதிரக் கத்தியது.

"இப்படி ஒரு கண்ணை நான் பார்த்ததே இல்ல," என்றது கரிச்சான்.

அன்று சருகி வரிசையின் நடுவில் உட்கார்ந்து தூங்கியது. ஒரு பக்கம் மண்ணியின் சூடு, மறுபக்கம் இன்னொரு குருவியின் சூடு. ஆந்தை எங்கோ தூரத்தில் கத்தியது. ஓரத்தில் இருந்த தவிடி சிறகை இறுக்கிக்கொள்வது சருகிக்குத் தெரிந்தது. ஆனாலும் நன்றாகத் தூக்கம் வந்தது.

விடிந்ததும் பொட்டுவின் முதல் காவல். சருகி மகனின் தலையைக் கோதிவிட்டுக்கொண்டே கேட்டது:

"என் தங்கம். வல்லூறு வந்தா எப்படிடா கண்டுபிடிப்ப? அம்மாவுக்குச் சொல்லு."

பெருமைக்காகத்தான் கேட்டது. வேறு எண்ணமே இல்லை.

"உட்கார்ந்ததும் வாலை ஆட்டும்லம்மா, அதை வச்சுத்தான்," என்றது பொட்டு.

சருகியின் அலகு நின்றுவிட்டது.

சருகியின் முதுகில் ஒரு தழும்பு உண்டு. அந்த இடத்தில் இறகு முளைப்பதே இல்லை. இளம் வயதில் வல்லூறு ஒன்று பிடித்து, பிடி நழுவித் தப்பிய தழும்பு. அன்று அந்த வல்லூறு வேப்பமரத்தில் எப்படி உட்கார்ந்திருந்தது என்று சருகிக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெட்டிவிட்ட கிளையின் மொட்டைக் கட்டைபோல உட்கார்ந்திருந்தது. வாலும் ஆடவில்லை, இமையும் ஆடவில்லை.

இங்கேதான் நான் குழப்பிவிடக் கூடாது. வால் ஆட்டுவது அக்காக்குயில். வல்லூறு ஆட்டாது.

எத்தனையோ தடவை "வால் ஆடினா கத்து" என்று சொல்லிக்கொடுத்தபோது இது ஏன் நினைவுக்கு வரவில்லை? அப்போது சருகியின் மனசில் வல்லூறே இல்லை. பரீட்சைதான் இருந்தது.

"பொட்டு, வல்லூறு வால் ஆட்டாதுடா," என்றது சருகி.

"நீதானேம்மா ஆட்டும்னு சொன்ன?"

"அது பரீட்சைக்குச் சொன்னது."

"பரீட்சையிலதான் நான் பாஸாயிட்டேனே," என்று சொல்லிவிட்டுப் பொட்டு வாகைமரத்துக்குப் பறந்துவிட்டது. கரிச்சான் கூப்பிட்டுவிட்டது.

புங்கமரத்தடியில் கூட்டம் இறங்கியது. மேலே கெட்டிக்காரப் பிள்ளை இருக்கிறது என்ற தைரியத்தில் எல்லாக் குருவிகளும் தலை குனிந்து தின்றன. சருகி ஒரு சருகைப் புரட்டும், உடனே வானத்தைப் பார்க்கும். ஒரு வண்டைக் கொத்தும், விழுங்குவதற்குள் வேப்பமரத்தைப் பார்க்கும். வண்டு நழுவி ஓடிவிடும்.

"என்ன சருகி, தரையில கால் நிக்கலையா?" என்றது தவிடி. "எங்க பிள்ளைங்கதான் தேறல. உன் பிள்ளை காவலுக்கு நிக்கிறான், நீ நிம்மதியா தின்ன வேண்டியதுதானே?"

"பசிக்கல."

"நடு இடத்துல தூங்கினா பசிகூட எடுக்காது போல."

சருகி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்போதுதான் அது மண்ணியைப் பார்த்தது. மண்ணி அன்று அவசர அவசரமாக, வாய் கொள்ளாமல் தின்றுகொண்டிருந்தது. பல நாள் பட்டினி கிடந்ததுபோல் இருந்தது அந்தத் தீனி. ஒரு கணம் மண்ணி நிமிர்ந்தது. சருகி வானத்தைப் பார்ப்பதைப் பார்த்தது. உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டு மறுபடியும் தின்னத் தொடங்கியது.

அது பூரிப்பு இல்லை என்று சருகிக்கு அப்போது புரிந்தது.

பிறகு பொட்டுவின் முறை வரும்போதெல்லாம் இதே கதை. சருகியின் கழுத்து மெலிந்தது. சாயங்காலங்களில் மகனைப் பிடித்துவைத்துச் சொல்லிப் பார்த்தது. உச்சிக்கிளைப் பிள்ளைக்கு அம்மா சொல்வது காதில் ஏறவில்லை. கரிச்சானிடம் சொல்லலாம் என்றால் நடு இடம் போய்விடும். ஓரத்தை நினைத்தால் ஆந்தையின் நினைப்பு வந்தது. சொல்லாமலே நாள் போயிற்று.

ஒரு நாள் நல்ல வெயில். ஈரச் சருகுக்கு அடியில் கறையான் கிடைத்தது என்று கூட்டம் முழுக்க ஒரே இடத்தில் குவிந்திருந்தது. பொட்டு மேலே காவலில் இருந்தது.

வேப்பமரத்துக்கு ஒரு சாம்பல் நிழல் வந்தது. கொஞ்சம் இறக்கை அடித்தது, கொஞ்சம் மிதந்தது, சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

பொட்டு அதைப் பார்த்தது. பார்க்காமல் இல்லை. அதன் வாலையே உற்றுப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. வால் ஆடவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தது.

சருகியும் பார்த்தது. அதன் முதுகுத் தழும்பு சிலிர்த்தது. வல்லூறு கறையான் தின்னும் கூட்டத்தைப் பார்க்கவில்லை. இலையே இல்லாத கிளையில் தனியாக உட்கார்ந்திருந்த பொட்டுவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வல்லூறு! எல்லாரும் புதருக்கு!" என்று சருகி கத்தியது.

கூட்டம் சிதறி முள்ளுக்குள் பாய்ந்தது. பொட்டு கிளையிலிருந்து கல்போல் கீழே பாய்ந்தது. அதன் பின்னாலேயே வல்லூறும் இறங்கியது. முள்ளுக்கு வெளியே நகம் கீறியது. பொட்டுவின் வாலிறகு ஒன்று பிய்ந்து போனது. பொட்டு உள்ளே வந்து விழுந்துவிட்டது.

வல்லூறு கொஞ்ச நேரம் புதரின் மேல் உட்கார்ந்திருந்துவிட்டு இரை இல்லாமலே போயிற்று.

உடனே புதருக்குள் எல்லாக் குருவிகளும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கின.

"பொட்டுதான் கத்தினான், இல்லன்னா நம்ம கதி அவ்வளவுதான்."

"என்னா கண்ணு பாரு அந்தப் பையனுக்கு."

"நான் கத்தலையே," என்றது பொட்டு. அந்த இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

கரிச்சானும் பறந்து வந்து சேர்ந்தது. "இனிமே முறையெல்லாம் வேண்டாம்," என்றது. "நாளையிலிருந்து தினமும் பொட்டுதான் காவல். சருகிக்கு நடு இடம் நிரந்தரம்."

குருவிகள் ஆரவாரம் செய்தன. மண்ணி மட்டும் சருகியைப் பார்த்தது.

சருகியின் சிறகுக்குள் பொட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. "அம்மா," என்றது. "அது வாலை ஆட்டவே இல்லம்மா. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

இனி தினமும் இவன்தான் மேலே. தினமும் தான்தான் கீழே பட்டினி. என்றைக்காவது பசி தாங்காமல் ஒரே ஒரு வண்டுக்குத் தலை குனிந்தால் போதும். சருகிக்கு ஆந்தையின் நினைப்பு வந்தது. அதற்கு மேல் அந்த வேப்பமரத்தின் நினைப்பு வந்தது.

"கத்தினது நான்," என்றது சருகி.

யாருக்கும் புரியவில்லை. சருகி இன்னொரு முறை உரக்கச் சொன்னது. "கத்தினது நான். என் பையனுக்கு வல்லூறைத் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சது அக்காக்குயில். கம்பளிப்பூச்சி கொடுத்து அத்திமரத்துல நான்தான் படிக்க வச்சேன். அவனைக் கிளையிலிருந்து இறக்கிடுங்க. நான் ஓரத்துலயே உட்கார்ந்துக்குறேன்."

புதருக்குள் எல்லாத் தலைகளும் கரிச்சான் பக்கம் திரும்பின.

கரிச்சானுக்கு முதலில் கோபம் வந்தது. வாலை விரித்து ஏதோ சொல்ல வாயெடுத்தது. சொல்லாமல் யோசித்தது. யோசிக்க யோசிக்கக் கோபம் போய், அதன் முகத்தில் வேறு என்னவோ வந்தது.

"கொஞ்சம் இருங்க," என்றது. "அக்காக்குயிலைப் பார்த்து வல்லூறுன்னு கத்தின பிள்ளைங்களையெல்லாம் சேர்த்துக்கிட்டேன். அது அக்காக்குயில்னு சரியாச் சொன்ன பொண்ணைத் திருப்பி அனுப்பிட்டேன். அப்படித்தானே?"

"அப்படித்தான்," என்றது தவிடி. அதற்கு அந்தப் பதிலைச் சொல்வதில் ஒரு சுகம் இருந்தது.

"அப்படின்னா இத்தனை நாளா வல்லூறு வந்தப்போ எல்லாம் கத்தினது யாரு?"

மண்ணி தொண்டையைச் செருமியது. "என் பையன் முறை வந்தா நான் சாப்பிடுறதில்ல," என்றது.

"நானும்தான்," என்றது இன்னொரு தாய்.

"நான் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்," என்றது மூன்றாவது.

குருவிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இவ்வளவு காலமும் அந்தக் கூட்டத்தைக் காத்தது மேலே இருந்த பிள்ளைகள் அல்ல. கீழே வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்த தாய்கள்தான். ஒவ்வொரு தாயும் தன் பிள்ளைதான் இப்படி என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தது.

"இதுக்கு அக்காக்குயிலுக்குக் கொடுத்த கம்பளிப்பூச்சியை நீங்களே தின்னிருக்கலாம்," என்றது தவிடி. முதலில் சிரித்தது மண்ணிதான்.

கரிச்சான் அந்த வருஷத்துப் பரீட்சையைக் கலைத்துவிட்டது. அடுத்த பரீட்சை எப்படி வைப்பது என்று அதற்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டது. அதுவரைக்கும் மற்றப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, முள்ளியை மேலே உட்காரச் சொன்னது. தவிடி நடு இடத்துக்குப் போனது. சருகி ஓரத்துக்கு வந்தது, பொட்டுவை மட்டும் உட்புறமாக ஒட்டி உட்காரவைத்துக்கொண்டு.

தினமும் காலையில் சருகி மகனைக் கூட்டிக்கொண்டு முள்புதரின் அடர்த்தியான உட்பக்கத்துக்குப் போகும். அங்கிருந்து பார்த்தால் வேப்பமரம் தெரியும். சில நாள் வல்லூறு வரும், சில நாள் வராது. வரும் நாளில் இரண்டும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கும்.

"அம்மா, அது ஏன் அசையவே மாட்டேங்குது?"

"தெரியலடா. பார்ப்போம்."

"கழுத்தை மட்டும் திருப்புதே, அப்போ எதைப் பார்க்குது?"

"நீயே சொல்லு."

பொட்டுவுக்குப் பழையபடி கேள்விகள் வரத் தொடங்கின. மறுபடியும் சருகியின் பிராணனை வாங்கின. இந்த முறை அது முணுமுணுக்கவில்லை.

முள்ளி காவலுக்கு ஏறிய முதல் நாள், புங்கமரத்தடியில் சருகி ஒரு தடவை அண்ணாந்து பார்த்தது. உச்சிக்கிளையில் முள்ளி தலையை மெல்லத் திருப்பித் திருப்பிக் காட்டையே துழாவிக்கொண்டிருந்தது. சருகி அதற்கு மேல் வானத்தைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, சருகைப் புரட்டி, வயிறாரத் தின்றது.

பிள்ளையைப் பரீட்சைக்குத் தயார் செய்வதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பரீட்சை எதற்காக வைக்கப்பட்டதோ அதைச் சொல்லிக்கொடுக்காமல் விடையை மட்டும் சொல்லிக்கொடுத்தால், அந்தப் பிள்ளையை நம்பிப் பெற்றவளாலேயே ஒரு வாய் நிம்மதியாகத் தின்ன முடியாது.